மக்லோர்வன் வீட்டுப் பந்தி

“இது ஏன் திறந்திருக்கிறது?” என்று சிஞோரா ஒர்தென்சியா கேட்டார். கையிலிருந்த கடித உறையை எங்கள் இருவருக்கும் தெரியும்படி திருப்பிக் காட்டினார்.

கொன்ஸ்ரன்ரைன் அங்கிள் என்னைப் பார்த்தார். “சொல்லு பிள்ளை. வெளியிலை என்ரை பெயர் இருந்தது. தபால்காரன் என்னட்டைத்தான் தந்தவன். அதாலை பிரிச்சனான் எண்டு சொல்லு.”

நான் இத்தாலிய மொழியில் சொன்னேன்.

“உன் பெயர் கொஸ்தந்தீனோ. இதில் அப்படி ஒன்றும் இல்லையே. இது மக்லோர்வன் குலச் சங்கத்துக்கு ஸ்கொட்லாந்திலிருந்து வந்தது.”

“நான்தான் மக்லோர்வன்” என்றார் அங்கிள். இதற்கு அவருக்கு என் உதவி தேவைப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். சிஞோரா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அதை வாசித்தார். பிறகு இன்னொருமுறை வாசித்தார்.

“இது உன் உண்மையான பெயரா?”

“சி, சிஞோரா” என்று அங்கிள் தலையாட்டினார்.

“யார் வைத்தது?”

“என்ரை தேப்பன்.”

“அவருக்கு?”

“அவற்றை தேப்பன்.”

“முதலில் யார் வைத்தது என்று கேட்கிறேன்.”

அங்கிள் கதிரையின் நுனிக்கு நகர்ந்தார். ஒரே மூச்சில் தமிழில் சொன்னார். நான் துண்டு துண்டாகச் சொன்னேன். அவருடைய ஓட்டன், அதாவது பூட்டனுக்கும் தகப்பன், ஆறுமுகம் என்ற பெடியனாக யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். அவனுடைய சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் அமெரிக்காவில் ஒரு மனிதர் காசு அனுப்பினார். அனுப்புகிறவருடைய பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அங்கே வழக்கம். அந்த மனிதர் ஸ்கொட்லாந்திலிருந்து போய்க் குடியேறிய ஜேம்ஸ் மக்லோர்வன். பள்ளிக்கு ஆறுமுகமாகப் போனவன் ஜேம்ஸ் மக்லோர்வனாக வெளியே வந்தான்.

“அப்படியென்றால் இரவல் பெயர்” என்றார் சிஞோரா.

நான் அதையும் சொன்னேன். அங்கிளின் முகம் மாறவில்லை.

“அவவின்ரை முழுப் பெயர் என்ன எண்டு கேள்.”

கேட்டேன். சிஞோரா சொன்ன நீளமான பெயரில் மக்லோர்வன் எங்கும் இல்லை. “என் தாய்வழிப் பாட்டி மக்லோர்வன். வைன் வியாபாரத்துக்கு வந்த குடும்பம்” என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

“அப்ப இவவிட்டை இரத்தம் இருக்கு, பெயர் இல்லை. என்னட்டைப் பெயர் இருக்கு, இரத்தம் இல்லை. ரெண்டு பேரையும் கூட்டினால் ஒரு முழு ஆள் வரும். சொல்லு பிள்ளை.”

தயங்கித்தான் சொன்னேன். சிஞோரா வாய்விட்டுச் சிரித்தார். “அழகான கதை” என்றார். “வியாழக்கிழமை கூட்டம் இருக்கிறது. வா. எல்லோரும் கேட்கட்டும்.” என்னைப் பார்த்து, “நீங்களும் வாருங்கள், சிஞோரினா” என்றார். நாங்கள் வாசலுக்குப் போனபோது பின்னாலிருந்து கூப்பிட்டார். “கொஸ்தந்தீனோ, போகிற வழியில் நாலாம் மாடி விளக்கையும் பார்த்துவிடு. எரியவில்லை.”

அவர் விளக்கைப் பார்க்கப் போனார். நான் படியில் நின்றேன். அறுபது வயதுக்காரருக்கு ‘நீ’, அவருக்கு மகள் வயதுள்ள எனக்கு ‘நீங்கள்’. இத்தாலியப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் எனக்குக் கிடைத்த மரியாதை அது. மொழிபெயர்க்கும்போது அந்த ‘நீ’யை எப்போதும் ‘நீங்கள்’ ஆக்கித்தான் அவருக்குச் சொன்னேன். அவருக்கு வித்தியாசம் தெரியாது என்றில்லை.

பலேர்மோவில் பொலித்தேயாமா அரங்குக்குப் பக்கத்தில், சிஞோரா குடியிருக்கும் அந்தக் கட்டிடத்தில் அவர் பல வருடங்களாகப் போர்த்தியேரே. வாசல் கூண்டில் இருப்பார், தபால் வாங்குவார், படி கழுவுவார், தண்ணீர்க் குழாய் ஒழுகினால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கு முன் பிற்சாரியா என்ற பிற்சாக் கடை ஒன்றில் கோப்பை கழுவினார். இடையில் படுக்கையில் கிடந்த ஒரு கிழவரை அவர் இறக்கும்வரை பார்த்தார். போர்கோ வெக்கியோவில் எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்தில் குடியிருக்கிறார். அவருடைய மனைவி குகனேஸ்வரி அன்ரியும் என் அம்மாவும் ஒரே வீட்டில் வேலை செய்தவர்கள். சிறுவயதில் எனக்கு ஆங்கிலம் சொல்லித் தந்தவர் அங்கிள். மிஷன் கல்லூரி ஆங்கிலம் அவருடையது, சுத்தமானது, பழையது. இத்தாலிய மொழி மட்டும் வேலைக்கு வேண்டிய அளவோடு நின்றுவிட்டது. அதனால்தான் நான் அவரோடு போக வேண்டியிருந்தது.

“இது உண்மையான பெயரா” என்ற கேள்வி அவருக்குப் புதிதல்ல. அதைக் கேட்காத ஊர் இல்லை. யாழ்ப்பாணத்தில் கேட்டார்கள். அங்கே அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும். அது என்னவென்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பலேர்மோவில் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் அதிகாரி பெயரைக் கூப்பிட்டுவிட்டு, எழுந்து நின்ற இவரைத் தாண்டி ஒரு வெள்ளைக்காரனைத் தேடினார். எங்கள் ஊர்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் நன்கொடை தந்தவர்களின் பெயரை ஒலிவாங்கியில் வாசித்தபோது, இவருடைய பெயர் வந்ததும் மண்டபமே திரும்பி வாசலைப் பார்த்தது.

போர்க் காலத்தில் ஒருமுறை அந்தப் பெயர் அவரைக் காப்பாற்றப் பார்த்தது. கொழும்புக்குப் போகும் பஸ்ஸை மறித்த சிப்பாய் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, “பறங்கியோ?” என்று கேட்டான். ஐரோப்பியக் கலப்பில் வந்த பறங்கியரை மறிக்கமாட்டார்கள், தலையாட்டியிருந்தால் போதும். அங்கிள், “இல்லை, தமிழ்” என்றார். பஸ் அவரில்லாமல் போயிற்று.

“அண்டைக்குத் தலையை ஆட்டியிருந்தால் கலியாணம் அந்த மாதமே நடந்திருக்கும்” என்பார் அன்ரி. “இவரைத் தேடி இவற்றை அம்மா ஏறாத கந்தோர் இல்லை.”

“நான் பறங்கி இல்லையே, குகனேஸ்.”

“ஓம், நீங்கள் ஸ்கொட்லாந்து ராசா. எழும்பிப் போய்க் குப்பையைக் கொட்டிப்போட்டு வாங்கோ, ராசா.”

ஆகவே அந்த உறையைப் பிரித்த நாள் அவருக்குச் சின்ன விஷயம் அல்ல. உள்ளே ஒரு செய்தி மடல். அதில் பக்கத்துக்குப் பக்கம் அவருடைய பெயர். மக்லோர்வன் ஒன்றுகூடல், மக்லோர்வன் கழுத்துப்பட்டி, கனடாவில் ஒரு மக்லோர்வனுக்குத் தொண்ணூறாவது பிறந்தநாள். ஒருவரும் யாரிடமும் அது உண்மையான பெயரா என்று கேட்கவில்லை. “உலகத்திலை இப்பிடியும் ஒரு இடம் இருக்கு, சாம்பவி” என்று என்னிடம் காட்டினார். அந்த இடத்தில் தன் பெயரும் ஒருமுறை சத்தமாகச் சொல்லப்பட வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சங்கத்தின் சிசிலிக் கிளையில் இருபது பேர் இருப்பார்கள். பழைய வைன் குடும்பங்கள், கந்தகச் சுரங்கக் குடும்பங்கள். எல்லோரும் தாய் வழியில், பாட்டி வழியில் வந்தவர்கள். பெயரைச் சுமப்பவர் ஒருவர்கூட இல்லை. மாதம் ஒருமுறை சிஞோரா வீட்டில் கூடுவார்கள். ஒரு கூட்டத்தில் நடனம் பழகுவார்கள், ஒரு கூட்டத்தில் ஸ்கொட்லாந்துப் பயணத்தைப் பற்றிச் சண்டை பிடிப்பார்கள். சுவரில் ஒரு பெரிய வம்ச மரம் தொங்கும். ஜோக்கிம் என்ற வழக்கறிஞர் அதை வருடக்கணக்காக வரைந்துகொண்டிருந்தார்.

முதற் கூட்டத்தில் அங்கிள் தன் கதையைச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். “அழகான கதை” என்றார்கள். ஒரு பெண் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள். ஜோக்கிம் வம்ச மரத்தில் கிளைகளுக்கு வெளியே, வலப்பக்க மூலையில், பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டு ‘கொஸ்தந்தீனோ’ என்று எழுதினார். அவரை ‘குலத்தின் நண்பர்’ என்று சேர்த்துக்கொள்வதாகச் சிஞோரா அறிவித்தார்.

நண்பருக்குக் கழுத்துப்பட்டி உண்டு. ஸ்கொட்லாந்து ஆண்கள் உடுத்தும் அந்தக் கட்டம் போட்ட பாவாடை கிடையாது. வாக்கு கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வருடாந்த விருந்தில் பெயர் கூப்பிடும் சடங்கில் பங்கு கிடையாது. அந்தச் சடங்கில் ஒவ்வொருவரும் எழுந்து, தன்னைக் குலத்தோடு இணைக்கும் முன்னோரின் பெயரை உரத்துச் சொல்வார். சபை முழுவதும், “இங்கே இருக்கிறார்!” என்று பதில் சொல்லும். செத்தவரைக் கூப்பிட்டு அவர் இருக்கிறார் என்று சபை ஒப்புக்கொள்வது. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அங்கிளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அவர் கேட்டார். ஜோக்கிம், இரத்த உறவு வேண்டும் என்றார். எச்சில் பரிசோதனைக்கு ஒரு குழாய் கொண்டுவந்து கொடுத்தார். அங்கிள் எல்லோருக்கும் முன்னால் அதில் துப்பினார். சில வாரங்கள் கழித்து முடிவு வந்தது. வருத்தமான குரலில் ஜோக்கிம் சொன்னார். “விஞ்ஞானப்படி உனக்கும் மக்லோர்வன்களுக்கும் எந்த உறவும் இல்லை.”

“அதை நான் முதல் நாளே சொன்னனான். பேந்து ஏன் என்னைத் துப்ப வைச்சவை? கேள் பிள்ளை.”

நான் கேட்டேன். ஜோக்கிம் தோளைக் குலுக்கினார்.

அதற்குப் பிறகு அங்கிள் சங்கத்தின் பழைய மடல்களையெல்லாம் வாங்கி வாசல் கூண்டில் இருந்து வாசித்தார். அவற்றில் ஒன்றில் அவர்கள் பெருமையோடு எழுதிய ஒரு கதை இருந்தது. ஒரு பஞ்ச காலத்தில் குலத் தலைவர் பக்கத்து மலைக்காரரைக் கூப்பிட்டு, என் பெயரை எடுத்துக்கொள்பவனுக்கு ஒரு மூட்டை ஓட்ஸ் மா என்றாராம். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் மாவை வாங்கிக்கொண்டு மக்லோர்வன் ஆயின. இன்றைய மக்லோர்வன்களில் பாதிப் பேர் அவர்களுடைய பிள்ளைகள்.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய் எழுந்து நின்றார்.

“அவைக்கு ஒரு மூட்டை மா. எங்களுக்கு ஒரு கோப்பைச் சோறு. பசிக்குத்தான் அவையும் பெயரை எடுத்தவை, பசிக்குத்தான் நாங்களும் எடுத்தனாங்கள். மா திண்டவன் உள்ளுக்கை, சோறு திண்டவன் வெளியிலையோ? இதை அப்பிடியே சொல்லு. ஒண்டையும் குறைக்காதை.”

நான் ஒன்றையும் குறைக்கவில்லை. முடித்ததும் யாரோ, “எவ்வளவு அழகான கதை!” என்றார். திரும்பவும் கை தட்டல். தேநீர் வந்தது. பேச்சு நடனத்துக்குப் போய்விட்டது.

அந்தக் கை தட்டல் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவராவது முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். அவர்கள் ரசித்தார்கள். கதவு என்று நினைத்துத் தள்ளினால் அது திரைச்சீலையாக விலகி, பிறகு பழைய இடத்திலேயே வந்து தொங்கியது.

அங்கிள் ஸ்கொட்லாந்துக்கே எழுதினார். பதில் வந்தது. பெயரைச் சுமப்பவர் எவரும் தலைவரை ஏற்றுக்கொண்டால் சேரலாம், முடிவு கிளையின் கையில். சிஞோரா யோசித்து ஒரு வழி சொன்னார். நவம்பர் விருந்துக்குத் தலைவருடைய பிரதிநிதி வருகிறார். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் அவர் மூன்று தரம் கேட்பார், “இந்தப் பெயருக்குரியவர் வேறு யாரும் உண்டா?” என்று. வெறும் வழக்கத்துக்காகக் கேட்பதுதான், இதுவரை ஒருவரும் பதில் சொன்னதில்லை. மூன்றாம் தரம் கேட்கும்போது கொஸ்தந்தீனோ எழுந்து சொல்லட்டும். தலைவரின் ஆள் முன்னால் சொன்னால் பிறகு யாரும் மறுக்க முடியாது.

அந்த ஒக்டோபர் முழுவதும் அவர் வாசல் கூண்டில் ஒத்திகை பார்த்தார். படியேறி வருபவர்கள் ‘ஆறுமுகம் ஜேம்ஸ் மக்லோர்வன்’ என்று ஒரு குரல் கேட்டுத் திடுக்கிட்டார்கள். ஜேம்ஸ் மட்டும் போதுமே என்று சிஞோரா சொன்னபோது அவர் இணங்கவில்லை. “ஆறுமுகத்தைத்தான் பள்ளிக்கூட வாசலிலை விட்டிட்டு வந்தவை. அவனையும் கூப்பிடவேணும்.”

“வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்கு வாங்கோ எண்டால் இடுப்பு நோகுது எண்டுவியள்” என்றார் அன்ரி, அவருடைய கழுத்துப்பட்டிக்கு இஸ்திரி போட்டபடி. “உந்தப் பாவாடைச் சங்கத்துக்கு மட்டும் ஒரு நோவும் இல்லை.”

“பாவாடை எனக்கு இன்னும் தரேல்லை, குகனேஸ்.”

“தந்திட்டாலும்! உங்கடை காலுக்கு.”

விருந்து வியா மக்வேதா வீதிக்குப் பின்னாலுள்ள ஒரு பழைய மாளிகையின் மண்டபத்தில். குடும்பத்தாரோடு சேர்த்து நாற்பது பேர், நீள மேசைகள், ஒரு மூலையில் தோல்பைக் குழல் ஊத ஒரு பலேர்மோப் பையன். எனக்கும் அங்கிளுக்கும் கடைசி மேசையில் இடம் போட்டிருந்தார்கள். பெயர் எழுதிய அட்டைகள். அவருடையதில் முழுப் பெயரும் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மண்டபத்தைப் பார்த்தார். பரிமாற இரண்டே பையன்கள். அவர்களும் முதல் மேசையைத் தாண்டவில்லை.

“சாப்பாடு கடைசி மேசைக்கு வந்து சேராது” என்றார்.

“அது அவையின்ரை வேலை, அங்கிள். இருங்கோ.”

“பொறு, வாறன்.”

எங்கள் பக்கத்தில் பந்தியில் இருப்பவர் விருந்தாளி, நின்று விசாரிப்பவர் வீட்டுக்காரர். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. கலியாண வீட்டில் பெண்ணின் தகப்பன் முதற் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஊர் அதை மூன்று தலைமுறைக்குச் சொல்லும். ஊர்ச் சங்க விழாவில் தலைவரும் செயலாளரும்தான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கதிரை தூக்குவார்கள், சாம்பார் வாளியோடு அலைவார்கள். அங்கிள் தன்னை வெளியாளாக நினைத்திருந்தால் அந்தக் கதிரையில் பேசாமல் இருந்திருப்பார். அன்று அவர் தன் குலத்து வீட்டில் இருந்தார். வீட்டில் விருந்தாளிக்குச் சாப்பாடு போகவில்லை. அவரால் எப்படி இருக்க முடியும்?

மேலங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டார். தட்டத்தை எடுத்தார். ஒவ்வொரு மேசையாகப் போய்க் குனிந்து, “இன்னும் கொஞ்சம்? இன்னும் கொஞ்சம்?” என்று கேட்டார். பனெல்லே என்ற கடலைமா வடையும் கப்பொனாத்தா என்ற கத்தரிக்காய்க் கறியும், ஸ்கொட்லாந்திலிருந்து தகரத்தில் வந்த, ஆட்டு ஈரலும் ஓட்ஸும் அடைத்த பண்டமும். அதை ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு என் காதில் சொன்னார். “எங்கடை குடல் கறிதான். உறைப்புப் போட மறந்திட்டினம்.” அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

மற்றவர்கள் அவரிடம் வெறும் கிளாசுகளை நீட்டினார்கள். ஒருத்தி தன் மேலங்கியைக் கையில் கொடுத்தாள். தலைவரின் பிரதிநிதி, டங்கன் என்ற உயரமான முதியவர், நன்றி சொல்லி, மடித்த நோட்டு ஒன்றை அவருடைய சட்டைப் பையில் வைத்துத் தட்டிக் கொடுத்தார். அங்கிள் இரண்டு கையையும் குவித்துத் தலை குனிந்தார். என் பக்கத்தில் வந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

“வருசப்பிறப்புக்குப் பெரியவை தாற கைவிசேஷம் எண்டு வைச்சிருக்கிறன். நீ அதுக்கு வேறை பெயர் சொல்லாதை.”

“அங்கிள், காணும். வந்து இருங்கோ. இப்பத் தொடங்கப்போகினம்.”

“கோப்பி ஒருத்தருக்கும் போகேல்லை, பிள்ளை. குசினியிலை ஒரு பெட்டை தனிய நிண்டு வெந்நீரோடை மல்லுக்கட்டுறாள். எனக்கு அங்கை நிண்டாலும் கேக்கும். வாறன்.”

மண்டபத்துக்கும் குசினிக்கும் இடையில் ஒரு நீள நடை, இரண்டு கதவுகள். அவர் போனதும் சிஞோரா எழுந்து கிளாசில் கரண்டியால் தட்டினார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். வில்லியம் மக்லோர்வன், மார்கரெட் மக்லோர்வன், ரொபர்ட் மக்லோர்வன். “இங்கே இருக்கிறார்! இங்கே இருக்கிறார்!” மேசைகளில் அடித்துக்கொண்டு சொன்னார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்கவில்லை. டங்கன் எழுந்தார். முதல் தரம் கேட்டார். நான் அங்கிளின் வெறும் கதிரையையும் நடைக் கதவையும் பார்த்தேன். இரண்டாம் தரம் கேட்டபோது எழுந்து மேசைகளுக்கிடையில் ஓடத் தொடங்கிவிட்டேன். யாரோ கதிரையைப் பின்னால் தள்ளி வழியை மறித்தார்கள். மூன்றாம் தரம் கேட்கும்போது நான் நடையில் இருந்தேன். குசினிக் கதவைத் தள்ளும்போது பின்னால், சடங்கு முடிந்ததென்று, குழல் ஊதத் தொடங்கிவிட்டது.

அவர் கோப்பித் தட்டத்தோடு வந்துகொண்டிருந்தார். குழல் சத்தம் கேட்டது. என்னைப் பார்த்தார். பிறகு மண்டபத்துக்குள் போய்க் கடைசி மேசை வரைக்கும் கோப்பி கொடுத்தார்.

“கொஸ்தந்தீனோ! எங்கே போய்விட்டாய்?” என்று சிஞோரா உண்மையான கவலையோடு கேட்டார். “நான் உன் கதிரையைப் பார்த்தேன், நீ இல்லை. சரி, அடுத்த முறை.” தலைவரின் ஆள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் பலேர்மோவுக்கு வருவார்.

தை மாதம் செய்தி மடல் வந்தது. விருந்துப் படம் அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். மேசையில் இருந்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஓரத்தில் அங்கிள், கழுத்துப்பட்டி தோளுக்கு மேலே போயிருக்க, தட்டத்தோடு. கடைசி வரியில் ‘உதவிய பணியாளர்களுக்கு நன்றி’. அன்ரி அதைக் கண்டுவிட்டு இரண்டு நாள் அவரைப் பகிடி பண்ணவில்லை. பெர்கமோவிலிருந்து மகன் நிதுசன் தொலைபேசியில், “பஸ்தா, பப்பா, போதும். அந்தச் சங்கத்தை விடுங்கோ” என்றான். அங்கிள் விடவில்லை. என் கைபேசியில் ஸ்கொட்லாந்துக்கு ஆங்கிலத்தில் எழுதினார். நான் பணியாள் அல்லன், என் சொந்த வீட்டில் பரிமாறிக்கொண்டிருந்தேன் என்று ஒரே ஒரு வசனம். மறுநாளே பதில் வந்தது. மிக அழகான கதை, இதை அடுத்த மடலில் போடலாமா என்று.

அந்தப் பதிலை வாசித்தபோது கைபேசியைச் சுவரில் எறியலாம் போல இருந்தது. அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, திருப்பித் தந்தார்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் தங்கள் முன்னோரின் கல்லறைகளைத் துப்புரவாக்கும் நாள். துறைமுகத்துக்கு அப்பாலுள்ள பழைய கல்லறைத் தோட்டம். உறுப்பினர்கள் புதுக் கையுறைகளோடு வந்து, படமெடுத்து, மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கிள் வீட்டிலிருந்து கொண்டுவந்த மண்வெட்டியால் வில்லியம் மக்லோர்வனின் கல்லைச் சுற்றிப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தார். சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்த ஒரு கிழவி, தன் வீட்டுத் தோட்டத்துக்கும் வர முடியுமா என்று அவரிடம் கேட்டுவிட்டுப் போனாள். அதற்கு மேல் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

“அங்கிள், உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். அடுத்த முறை கதிரையிலை இருங்கோ. கோப்பி போகாட்டிப் போகட்டும். ஒரு பத்து நிமிசம் ஒண்டையும் தூக்காமல் இருந்தால் எல்லாம் சரிவரும்.”

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

“என்ரை வீட்டுப் பந்தியிலை என்னை இருந்து சாப்பிடச் சொல்லுறியோ?”

“அவைக்கு அது விளங்காது, அங்கிள். தட்டம் பிடிச்சால் அவை உங்களை வேலைக்காரன் எண்டுதான் பாப்பினம்.”

“பாக்கட்டும். அவையின்ரை பழக்கம் அது. அவையின்ரை பழக்கத்துக்கு இருந்து, அவையின்ரை பழக்கத்துக்கு எழும்பி, பேந்து ஆறுமுகத்தை நான் என்னெண்டு கூப்பிடுறது?”

எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல். அவர் திரும்பக் குனிந்து இரண்டு வெட்டு வெட்டினார். பிறகு நிமிராமலே சொன்னார்.

“என்னை இருக்கச் சொல்லாதை, சாம்பவி. நீ நடைக் கதவடியிலை நில். மூண்டாந்தரம் கேக்க முந்திக் குசினிப் பக்கம் ஒரு சத்தம் போடு. கையிலை என்ன இருந்தாலும் அப்பிடியே கொண்டு ஓடிவந்து சொல்லுவன்.”